பல்கலைக்கழகத்துக்கு அச்சகம் எதற்கு?

2021 ஆகஸ்ட் 27-ம் தேதியோடு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்திடம் மிச்சமிருந்த கடைசி அச்சுப் பிரிவும் மூடப்பட்டது. ‘ஆக்ஸ்யூனிபிரிண்ட்’ என்பது அதன் பெயர். வேலை இழந்தவர்கள் 20 பேர். எண்ணிக்கையைப் பார்த்தால் பெட்டிச் செய்திதான். ஆனால் ஆக்ஸ்போர்டில் முதல் புத்தகம் அச்சானது 1478-ல். பல்கலைக்கழகம் அச்சிடும் உரிமையை 1586-ல் சட்டப்படி பெற்றது. பெரிய அச்சாலையை 1989-லேயே இழுத்து மூடிவிட்டார்கள். 2021-ல் போனது அதன் கடைசித் துளி.

கேம்பிரிட்ஜின் கதையும் இதேதான். எட்டாம் ஹென்றி 1534-ல் அச்சுரிமைப் பட்டயம் கொடுத்தார். 1584-ல் புத்தகம் அச்சிடத் தொடங்கினார்கள். 2012-ல் அந்த வேலையை வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டுப் பதிப்பகம் கைகழுவியது. வேலையை வாங்கிக்கொண்ட நிறுவனம் அடுத்த ஆண்டே நொடித்துப்போனது.

இவை இரண்டும் புத்தகம் அச்சிட்ட ஆலைகள். அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களில், பெரும்பாலும் ஏதோ ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், இன்னொரு வகை அச்சகம் ஓடுகிறது. பட்டச் சான்றிதழ், சேர்க்கைக் கடிதம், தேர்வுத் தாள், ஆராய்ச்சிப் போஸ்டர், பட்டமளிப்பு விழா அழைப்பிதழ், முன்னாள் மாணவர்களிடம் நன்கொடை கேட்கும் மடல், மைதானத்து பேனர் என்று அங்கே அச்சாகும் சரக்கு வேறு. ஆனால் அதை நடத்தும் மேலாளரின் தலைக்கு மேலும் அதே கேள்விதான் தொங்குகிறது: ‘நமக்கு எதற்குச் சொந்த அச்சகம்?’

இந்தக் கேள்விக்கு ஆளான மேலாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஓர் ஊரில் கூடுகிறார்கள். கல்லூரி, பல்கலைக்கழக அச்சகர்களுக்கென்றே அமெரிக்காவில் ஒரு சங்கம் இருக்கிறது. ஏ.சி.யு.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அச்சோடு டிசைன், தபால், பெயர்ப்பலகை என்று வேலைகள் பெருகிவிட்டதால் இப்போது பெயருக்குப் பின்னால் ‘பிளஸ்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளிகள், அரசு அலுவலகங்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் சொந்த அச்சகங்களையும் சேர்த்துக்கொள்ளும் ஐ.பி.எம்.ஏ. என்ற சங்கமும் தனியே மாநாடு நடத்துகிறது. வெளியுலகம் அதிகம் கவனிக்காத மாநாடுகள் இவை. ஆனால் ஒரு தொழில் எப்படிப் பிழைக்கிறது, எப்படிச் சாகிறது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு இவற்றில் பாடம் உண்டு.

தலைவர் வீட்டில் அச்சு இயந்திரம்

அமெரிக்காவில் கல்லூரியும் அச்சும் ஒன்றாகவே வளர்ந்தவை. 1638-ல் ஜோசப் குளோவர் என்ற பாதிரியார் இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரத்தோடு கப்பல் ஏறினார். வழியிலேயே இறந்துபோனார். அவர் கூட்டிவந்த ஸ்டீபன் டே என்பவர் மாசசூசெட்ஸ் மாநிலத்து கேம்பிரிட்ஜில் இயந்திரத்தை நிறுவினார். 1640-ல் அதில் அச்சான, பைபிளின் சங்கீதங்கள் அடங்கிய புத்தகம்தான், இன்றைய அமெரிக்க மண்ணில் உருவாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் புத்தகம். மிஞ்சியிருக்கும் 11 பிரதிகளில் ஒன்று 2013-ல் 1 கோடியே 41 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

குளோவரின் விதவை எலிசபெத், ஹார்வர்டு கல்லூரியின் தலைவர் ஹென்றி டன்ஸ்டரை 1641-ல் மணந்துகொண்டார். மனைவியோடு அச்சு இயந்திரமும் தலைவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பிறகு அச்சுக்கூடம், பழங்குடி மாணவர்களுக்காக ஹார்வர்டு கட்டிய கட்டடத்துக்குப் போனது. அங்கேதான் 1663-ல் மாசசூசெட் பழங்குடி மொழியில் முழு பைபிள் அச்சாகி வெளிவந்தது. வட அமெரிக்காவில் அச்சான முதல் முழு பைபிள் அதுவே. அச்சுக் கோத்தவர்களில் ஒருவர் நிப்மக் இனத்து இளைஞர். அச்சுத் தொழிலே அவருக்குப் பெயராகி, ‘ஜேம்ஸ் பிரிண்டர்’ என்றே அறியப்பட்டார். கல்லூரிக்கு அச்சகம் எதற்கு என்று அன்று யாரும் கேட்கவில்லை. அருகில் வேறு அச்சகம் கிடையாது.

ஜெராக்ஸ் கொண்டுவந்த வெள்ளம்

வெளியே அச்சகங்கள் பெருகிய பிறகும் வளாக அச்சகம் தாக்குப்பிடித்ததற்கு வசதியும் அவசரமும் காரணம். 1959-ல் ‘ஜெராக்ஸ் 914’ அறிமுகமானது. சாதாரணக் காகிதத்தில் நிமிடத்துக்கு 7 பிரதி எடுக்கும் அந்த இயந்திரம் அலுவலகங்களின் பழக்கத்தையே மாற்றியது. 1990-ல் அதே நிறுவனம் கொண்டுவந்த ‘டாக்குடெக்’ நிமிடத்துக்கு 135 பக்கம் அச்சிட்டது. பிளேட் போட வேண்டாம், மை கலக்க வேண்டாம். பேராசிரியர் காலையில் கொடுத்த பாடக்குறிப்பு மாலையில் பைண்டிங்கோடு வந்தது.

அந்த வசதிக்குள்ளேயே வழக்கும் முளைத்தது. பல நூல்களிலிருந்து அத்தியாயங்களை எடுத்து நகலெடுத்துத் தொகுத்து மாணவர்களுக்கு விற்பது வழக்கமாக இருந்தது. கலிஃபோர்னியாவில் பல்கலைக்கழகம் ஒன்றின் அருகே 1970-ல் சின்ன நகலகமாகத் தொடங்கிய ‘கின்கோஸ்’ இதில்தான் செழித்தது. பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 1991-ல் நியூயார்க் நீதிமன்றம் கின்கோஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்து 5,10,000 டாலர் இழப்பீடு விதித்தது. செலவுத்தொகை தனி. அதன் பிறகு பாடத் தொகுப்பு என்றாலே ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் அனுமதி வாங்கு, உரிமத்தொகை கட்டு என்றாயிற்று. நகலெடுப்பதோடு காப்புரிமைக் கணக்குப் பார்ப்பதும் வளாக அச்சகத்தின் வேலையானது.

இந்தியாவில் கதை வேறு மாதிரி முடிந்தது. டெல்லி பல்கலைக்கழக வளாகத்திலிருந்த ராமேஸ்வரி நகலகத்தின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012-ல் வழக்குத் தொடுத்தன. கற்பிப்பதற்காக நகலெடுப்பதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் சொன்னது. மேல்முறையீட்டில் சில விஷயங்கள் மறுவிசாரணைக்குத் திரும்பினாலும் அடிப்படைக் கருத்து நிலைத்தது. 2017-ல் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டன.

அமெரிக்க வளாக அச்சகங்களில் பாடத் தொகுப்பு இப்போது மெலிந்துவிட்டது. பாடம் திரைக்குப் போய்விட்டது. பல்லாண்டு காலம் சோறு போட்ட சரக்கு குறைந்ததும், அடுத்த சரக்கு என்ன என்று தேடவேண்டி வந்தது. மாநாடுகளில் பேசப்படும் விஷயங்களில் பெரும்பகுதி இந்தத் தேடல்தான்.

ரகசியத்தை ஒளிக்காத தொழில்

மாநாட்டின் அமைப்பு எளிமையானது. காலையில் பொது உரை, பிறகு சிறு குழு அமர்வுகள், நடுவே விற்பனை நிறுவனங்களின் கண்காட்சி, ஒருநாள் அக்கம்பக்கத்துப் பல்கலைக்கழக அச்சகத்தை நேரில் பார்ப்பது, கடைசியில் விருது விருந்து. ஐ.பி.எம்.ஏ. நடத்தும் ‘இன்-பிரிண்ட்’ போட்டி சொந்த அச்சகங்களுக்கு மட்டுமேயானது. வணிக அச்சகங்களுக்கு அதில் இடமில்லை. மேலாளர்களுக்கான தொழில்முறைச் சான்றிதழும் அந்தச் சங்கத்தில் உண்டு.

ஆனால் இந்த மாநாடுகளின் உயிர் மேடையில் இல்லை. வட்ட மேஜையில் இருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு வணிக அச்சகங்கள் இருந்தால் ஒருவர் ரேட்டை மற்றவர் அறியாமல் பொத்திப் பொத்தி வைப்பார். ஓஹையோவில் இருக்கும் பல்கலைக்கழக அச்சகத்துக்கும் ஓரிகானில் இருப்பதற்கும் அப்படிப் போட்டி கிடையாது. அவரவர் வாடிக்கையாளர் அவரவர் வளாகத்துக்குள் இருக்கிறார். அதனால் வண்ணப் பிரதிக்கு எவ்வளவு வாங்குகிறாய், இயந்திரக் குத்தகைக்கு எவ்வளவு கட்டுகிறாய், ‘கிளிக்’ கட்டணத்தை எத்தனைக்குப் பேசி முடித்தாய் என்று வெளிப்படையாகக் கேட்கலாம். பதிலும் கிடைக்கும். ஒவ்வொரு பிரதிக்கும் இயந்திர நிறுவனத்துக்குக் கட்டவேண்டிய தொகைதான் இந்தக் கிளிக் கட்டணம். பல ஆண்டு ஒப்பந்தத்தில் அது ஒரு சென்ட்டில் சிறு பகுதி குறைந்தாலும் மொத்தத்தில் பெரும் தொகை நிற்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியருக்குப் பேச இன்னொரு வேதியியல் பேராசிரியர் உண்டு. அச்சக மேலாளருக்கு அந்த வளாகத்தில் துணை கிடையாது. அவர் ஒருவர்தான். அவருடைய மேலதிகாரிக்கு, காகிதத்தின் எடையைக் குறிக்கும் ஜி.எஸ்.எம். என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. தன் தொழிலைத் தன் பாஷையில் பேச ஆண்டுக்குச் சில நாட்கள் கிடைப்பதே பலருக்குப் பெரிய விஷயம்.

மணிக்கு எவ்வளவு?

எந்த அமர்வில் எதைப் பேசினாலும் பேச்சு கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்று: விலை. வெளிக்கடையில் இதைவிட மலிவு என்று ஒரு துறைத்தலைவர் சொன்னால் என்ன பதில் சொல்வது?

கணக்கு இப்படிப் போகிறது. ஓர் உதாரணத்துக்கு, ஒரு இயந்திரத்துக்கு மாதம் குத்தகை 6,000 டாலர், ஆபரேட்டர் சம்பளம் 5,000, இடம், மின்சாரம் 1,000 என்று வைத்துக்கொள்வோம். ஆக 12,000 டாலர். மாதத்தில் வேலை நேரம் 160 மணி. அதைக் கொண்டு வகுத்தால் மணிக்கு 75 டாலர் வருகிறது. ஆனால் இயந்திரம் 160 மணியும் பணம் வாங்கும் வேலையைச் செய்வதில்லை. புரூஃப் எடுப்பது, காகிதம் மாற்றுவது, பழுதுபார்ப்பது, அடுத்த வேலைக்குக் காத்திருப்பது எல்லாம் போக 100 மணிதான் கட்டணம் விதிக்கத்தக்கது என்றால் உண்மையான விலை மணிக்கு 120 டாலர். 75 என்று நம்பி ரேட் போட்ட மேலாளர், இயந்திரம் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் 45 டாலர் இழக்கிறார். நஷ்டம் ஆண்டுக் கடைசியில்தான் தெரியும்.

அடுத்தது இன்னும் விபரீதமானது. இரண்டு துறைகள் மலிவு என்று வெளியே போய்விட்டால், 100 மணி 80 மணியாகிறது. குத்தகையும் சம்பளமும் குறைவதில்லை. விலை 150 டாலருக்கு ஏறுகிறது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு துறைகள் வெளியே போகின்றன. விலை மறுபடி ஏறுகிறது. இந்தச் சுழலில் விழுந்த அச்சகம் எழுவது அரிது. அதனால்தான் பல மேலாளர்கள் நிர்வாகத்திடம் ‘முதல் மறுப்புரிமை’ கேட்கிறார்கள். வேலை எதுவானாலும் முதலில் வளாக அச்சகத்திடம் விலை கேட்கவேண்டும், அங்கே முடியாது என்றால்தான் வெளியே போகலாம் என்பது அந்த ஏற்பாடு.

அப்படிக் கட்டாயப்படுத்திக் காப்பாற்றும் அச்சகம் சோம்பேறியாகிவிடாதா? நியாயமான கேள்வி. கட்டாயம் என்பதால் வருகிற வாடிக்கையாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டே வருவார், விதிவிலக்குக் கிடைத்த மறுநாள் ஓடிவிடுவார். உரிமை கேட்கிற மேலாளர் அதற்கு ஈடாக வேகத்தையும் தரத்தையும் கொடுத்தாக வேண்டும்.

லாபமும் கூடாது, நஷ்டமும் கூடாது

வணிக அச்சகத்துக்கு இல்லாத விலங்கு ஒன்றும் இவர்களுக்கு உண்டு. ஆராய்ச்சிக்கு மத்திய அரசின் நிதி பெறும் பல்கலைக்கழகங்கள், உள்சேவைப் பிரிவுகளுக்குக் கட்டணம் வைக்கும்போது அரசின் செலவு விதிகளுக்குக் கட்டுப்படவேண்டும். அரசு நிதியில் நடக்கும் ஆய்வுக்கு ஒரு விலை, மற்ற துறைக்கு இன்னொரு விலை என்று பாகுபாடு காட்டக்கூடாது. கட்டணம் மொத்தச் செலவை மீட்கும் அளவுக்கே இருக்கவேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைச் சரிசெய்யவேண்டும். லாபம் பார்த்தால் தணிக்கையாளர் கேட்பார், நஷ்டம் வந்தால் நிதி அதிகாரி கேட்பார். வெளியாருக்கு அச்சிட்டுச் சம்பாதிக்கலாம் என்றால், கல்வி நோக்கத்தோடு தொடர்பில்லாத வணிக வருமானத்துக்காக வருமான வரித் துறை வந்து கதவைத் தட்டும்.

இந்தக் கயிற்றின் மேல் நடக்கத் தெரிந்தவர்கள்தான் நிலைத்திருக்கிறார்கள். நல்ல அச்சுக்காரர் என்பது மட்டும் போதாது.

பணத்தில் சிக்காத பயன்

விலையை மட்டும் வைத்து எடைபோட முடியாத விஷயங்களும் இருக்கின்றன. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆரஞ்சு நிறத்துக்கு, நிறங்களுக்கு எண் கொடுக்கும் பான்டோன் அட்டவணையில் எண் 159. அந்த நிறம் விசிட்டிங் கார்டில் ஒரு மாதிரியும் பேனரில் வேறு மாதிரியும் வந்தால், கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய அடையாளம் கரைந்துபோகும். ஐந்து கடைகளில் அச்சடித்தால் ஐந்து ஆரஞ்சு வரும். டிசைன் பிரிவும் அச்சகமும் ஒரே கூரையின் கீழ் இருப்பதன் அருமை அப்போது தெரியும்.

ரகசியம் இன்னொன்று. மாணவர் ஆவணங்களின் அந்தரங்கத்தைக் காக்க அமெரிக்காவில் 1974 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. மதிப்பெண் பட்டியலும் தேர்வுத் தாளும் எத்தனை கைமாறுகின்றனவோ அத்தனை ஓட்டை. வினாத்தாள் கசிந்த செய்தியைப் பலமுறை படித்துச் சலித்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் வளாகங்கள் வெறிச்சோடியபோது அச்சு வேலை ஒரே வாரத்தில் சரிந்தது. ‘இனி இந்தப் பிரிவு தேவையா’ என்ற பேச்சு எழவேண்டிய நேரம் அது. ஆனால் மாணவர்களைத் திரும்ப அழைக்க முடிவானதும், தரையில் ஒட்டும் இடைவெளி அடையாளம், கதவுக்குக் கதவு அறிவிப்பு, கவுன்ட்டருக்குக் கண்ணாடித் தடுப்பு என்று அத்தனையும் சில வாரங்களில் தேவைப்பட்டன. வெளிக்கடைகளில் காத்திருப்போர் வரிசை நீண்டது. பெரிய அளவு பிரிண்டரும் வெட்டும் இயந்திரமும் சொந்தமாக வைத்திருந்த வளாகங்கள் அன்றைக்கே வேலையைத் தொடங்கின. முகத் தடுப்புகளைச் செய்து மருத்துவமனைகளுக்குக் கொடுத்த அச்சகங்களும் உண்டு.

மூன்று முனைத் தாக்குதல்

கொரோனாவைத் தொடர்ந்து காகிதமும் கைகொடுக்கவில்லை. விஸ்கான்சின் ரேபிட்ஸ் நகரின் பெரிய காகித ஆலை 2020 ஜூலையோடு நிறுத்தப்பட்டது. 2022 ஜனவரி முதல் ஏப்ரல் வரை பின்லாந்தின் யு.பி.எம். ஆலைகளில் வேலைநிறுத்தம். வழவழப்புத் தாளும் உறையும் கிடைப்பது குதிரைக்கொம்பானது. எந்தத் தாள் கையில் இருக்கிறதோ அதற்கேற்ப டிசைனை மாற்றிக்கொள்ளும்படி துறைகளைச் சம்மதிக்க வைப்பதே மேலாளரின் அன்றாட வேலையாக இருந்தது.

அடுத்தது தபால். அமெரிக்க அஞ்சல்துறையின் முதல்தர முத்திரை 2021 ஆகஸ்ட் வரை 55 சென்ட். 2025 ஜூலையில் 78 சென்ட். பல்கலைக்கழகங்களுக்கு லாப நோக்கற்ற அமைப்பு என்ற முறையில் மொத்த அஞ்சலில் சலுகை உண்டு. ஆனாலும் லட்சக்கணக்கில் மடல் அனுப்பும் இடத்தில் ஒவ்வொரு உயர்வும் உறைக்கும். எல்லோருக்கும் ஒரே மடலை அனுப்புவதை விட்டு, மாணவர் பெயர், விரும்பும் பாடம், ஊர் ஆகியவற்றுக்கேற்ப ஒவ்வொரு பிரதியையும் மாற்றி அச்சிட்டு, குறைந்த எண்ணிக்கையில் குறிபார்த்து அனுப்புவது இதற்கு மாற்று. டிஜிட்டல் அச்சால் மட்டுமே இது முடியும்.

மூன்றாவதுதான் பெரியது: மாணவர்களே குறைகிறார்கள். அமெரிக்காவில் 2007-ல் 43 லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் பிறந்தார்கள். அதுவே உச்சம். மறு ஆண்டு வந்த பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பிறப்பு விகிதம் இறங்கியது, பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை. 2007-ல் பிறந்தவர்களுக்கு 2025-ல் 18 வயது. இனி வரும் ஆண்டுகளில் கல்லூரி வாசலுக்கு வருவோர் எண்ணிக்கை சரிவுதான். சேர்க்கை குறைந்தால் கட்டண வருமானம் குறையும், வருமானம் குறைந்தால் செலவைக் குறைக்கும் கத்தி முதலில் கீழ்த்தளத்துக்குத்தான் வரும். அதே சமயம் ஒவ்வொரு மாணவரையும் ஈர்க்கக் கூடுதலாக விளம்பரம் செய்தாக வேண்டும். எதை வெட்டப் போகிறார்களோ அதன் தேவையே அப்போது கூடுகிறது.

விருந்து வைப்பவர் யார்?

இந்த மாநாடுகளின் மேல் ஒரு நெருடலும் இருக்கிறது. கண்காட்சி அரங்குக்கும் விருந்துக்கும் பணம் தருபவர்கள் அச்சு இயந்திர நிறுவனங்கள். வளாகத்தின் அச்சு வேலை முழுவதையும் நாங்களே நடத்தித் தருகிறோம் என்று நிர்வாகத்திடம் நேரே போய்ப் பேசும் நிறுவனங்களும் இந்தத் துறையில் உண்டு. விருந்தில் கைகுலுக்கும் நிறுவனமே ஒருநாள் மேலாளரின் நாற்காலியைக் கேட்கலாம். இதற்காக மாநாட்டைப் புறக்கணிப்பதில் பயனில்லை. புதிய இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்க்க வேறு இடம் கிடைப்பது கடினம். ஆனால் விற்பவர் சொல்லும் சேமிப்புக் கணக்கை, பக்கத்து மேஜையில் அதே இயந்திரத்தை வாங்கி மூன்று வருடம் ஓட்டியவரிடம் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. மாநாட்டுக்குக் கட்டிய பணத்துக்கு உண்மையான பலன் அந்த உரையாடலில்தான் கிடைக்கிறது.

எல்லா வளாக அச்சகங்களையும் காப்பாற்றியே ஆகவேண்டும் என்பதும் சரியல்ல. வேலையே இல்லாமல் பழைய ஆஃப்செட் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அச்சகத்தை மாணவர் கட்டணத்தில் சுமப்பது நியாயமாகாது. ஆனால் முடிவை எடுக்கும் முறையில்தான் தவறு நடக்கிறது. அச்சகத்தின் செலவு ஒரே தலைப்பில் பெரிய தொகையாகக் கண்ணில் படும். அதை மூடிய பிறகு ஐம்பது துறைகள் ஐம்பது கடைகளுக்குக் கட்டும் தொகை எந்தத் தலைப்பிலும் சேர்ந்து தெரியாது. ஒன்று மறைந்ததும் சேமித்துவிட்டோம் என்று நிர்வாகம் நினைத்துக்கொள்கிறது. மூடுவதற்கு ஒரு கையெழுத்து போதும். மறுபடி திறக்க இயந்திரமும் வேண்டும், கைப்பழக்கமுள்ள ஆட்களும் வேண்டும்.

ஆக்ஸ்போர்டையும் கேம்பிரிட்ஜையும் நானூறு ஆண்டுப் பழமை காப்பாற்றவில்லை. அமெரிக்க வளாக அச்சகங்களையும் பழமையோ பாசமோ காப்பாற்றப்போவதில்லை. தன் மணிநேர விலையைச் சரியாக அறிந்து, அதை நிதி அதிகாரியின் மேஜையில் அவருக்குப் புரியும்படி வைக்கத் தெரிந்த மேலாளரால் மட்டுமே முடியும். நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மூடும் கோப்பில் கையெழுத்திடும் முன், எல்லாத் துறைகளும் சேர்ந்து வெளிக்கடைகளுக்கு இப்போது கட்டும் தொகையையும், மூடிய மூன்றாம் ஆண்டில் கட்டப்போகும் தொகையையும் எழுத்தில் கேளுங்கள். அந்த இரண்டு எண்களும் வராத கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.